மன்னிப்பும் இழப்பீடும்



பிழைக்க வந்த நகரத்தில் சாலை விபத்து நேரிட்டால், "ஓட்டுநரை மன்னித்துவிட்டோம், வழக்கு எதற்கு?" என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மன்னிப்பது நம் கடமை. ஆனால் இழப்பீடு கேட்பது பழிவாங்குதல் அன்று. தகப்பனை இழந்த செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். கர்த்தர் அதை நியாயம் என்றார்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 6 மாதங்களுக்குள் கொடுத்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சீட்டுகள், சம்பளச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். பெரும்பாலும் தொகையைச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனமே. ஆகவே ஓட்டுநரை மன்னியுங்கள். பிள்ளைகளின் அப்பத்தை விட்டுவிடாதீர்கள்.