பைய வாங்க மாப்ள!

புது மாப்பிள்ளைக்கும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் ஒரே வித்தியாசம்தான். ஆபீஸில் ப்ரொபேஷன் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ முடிந்துவிடும். மாமனார் வீட்டில் அது முடிந்ததாக இதுவரை யாருக்கும் ஆர்டர் வந்ததில்லை.

மற்றபடி சங்கதி ஒன்றேதான். எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, யாரிடம் ஜோக் அடிக்கலாம், 'பார்க்கலாம்' என்றால் பார்ப்பார்களா மாட்டார்களா... எதையும் யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். நாமாகத்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். இந்த மோப்ப சக்திக்கு 'கல்ச்சுரல் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர் வைத்து, கிறிஸ்டோஃபர் எர்லி, சூன் ஆங் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2003-ல் புத்தகமே போட்டார்கள். ஐ.க்யூ. மாதிரி இது சி.க்யூ. புது இடத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை, அதைப் பற்றிய அறிவு, 'நாம நினைக்கிறது சரிதானா' என்று நின்று யோசிப்பது, அதன்படி நடந்துகொள்வது என்று இதில் நாலு பகுதி. மூன்றாவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள்.

எங்கள் தென்காசிப் பக்கம் இதற்கு நல்ல பரீட்சை ஹால். 1956 நவம்பர் 1-ம் தேதி, பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆள் அசையவில்லை, எல்லைதான் அசைந்தது! ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. இப்போது ஆட்களே அசைந்து வருகிறார்கள். 2011-ல் ஸோஹோ கம்பெனி இங்கே ஆபீஸ் திறந்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து வந்து மத்தளம்பாறையிலேயே குடியேறினார். உலகம் பூராவும் கம்பெனிகள் வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்க வாங்குகிற 'ஸோஹோ டெஸ்க்', தென்காசிச் சரக்கு. முன்பெல்லாம் குற்றாலச் சாரலுக்கு வந்து மூன்றாம் நாள் ஊர் திரும்பினார்கள். இப்போது உத்தியோகத்துக்கு வந்து வீடு பிடித்துத் தங்குகிறார்கள்.

என் சித்தப்பா மகளைக் கட்டிய ஈரோட்டு மாப்பிள்ளையும் அப்படித் தங்கியவர்தான். வேலை, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில். ஈரோட்டில் மூன்று வயசுப் பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்பார்கள். நாங்கள்? பிரியம் கூடினால் 'ஏல'. இன்னும் கூடினால் 'மூதி'!

மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை சாம்பாரைத் தேடினார். வந்ததோ தேங்காய்ப்பாலில் வெந்த சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மூன்று தரம் சோறு வாங்கினார். அந்தப் பேப்பரில் நூற்றுக்கு நூறு. மறுநாள் ஐந்தருவியில் சித்தப்பா, "பைய வாங்க மாப்ள, வழுக்கும்" என்றார். மாப்பிள்ளை பாய்ந்து வந்து சித்தப்பா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். 'பைய' என்றால் எங்கள் ஊரில் 'மெதுவாக'. சித்தப்பா இன்றுவரை விஷயம் புரியாமல், "என்னா மரியாத, என்னா மரியாத" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆபீஸில்தான் வினை. ஒருநாள் பத்துப் பேர் முன்னால் டீம் லீடர் (உள்ளூர்க்காரர்) "ஏல, இதக்கூடவா பாக்கல? சவத்து மூதி!" என்றுவிட்டார். அன்று ராத்திரியே மாப்பிள்ளை ராஜினாமா லெட்டரை டைப் அடித்துவிட்டு, "பெட்டிய எடு, ஈரோடு போலாம்" என்றார். தங்கச்சிக்கு ஏழாம் மாசம். அவள் அழ, சித்தி அழ, எனக்கு போன் வந்தது.

"ஏனுங் மச்சான், எங்கப்பாகூட என்னைய அப்பிடிச் சொன்னதில்லீங்க..." என்றார். குரல் உடைந்திருந்தது. சம்பளம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நாலு பேர் முன்னால் மானம் குறைந்தால்? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உபதேசமும் பண்ணவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த மனுஷன் யாரையெல்லாம் 'ஏல'ங்காரு, யாரை 'நீங்க'ங்காரு?"

தெரியவில்லை.

"ஒரு வாரம் எண்ணிப் பாருங்க மாப்ள. லெட்டர் எங்கயும் ஓடிப் போயிராது."

எண்ணினார். யார் யாருக்காக டீம் லீடர் ராத்திரி ஒன்பது மணி வரை கூடவே உட்கார்ந்து தப்பைத் திருத்திக் கொடுக்கிறாரோ, அத்தனை பேரும் 'ஏல'. ஒரே ஒருத்தரிடம் மட்டும் 'சொல்லுங்க சார், நீங்க போங்க சார்'. அந்த ஆளோடு வேலை தவிர ஒரு வார்த்தை கிடையாதாம்!

இதோடு விட்டால் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா' கதையாகிவிடும். மாப்பிள்ளை விடவில்லை. டீம் லீடரைத் தனியாகப் பார்த்து, "நீங்க பிரியமாத்தான் சொல்றீங்கன்னு புரியுதுங்க. எங்க ஊர்ல அது கை ஓங்குற மாதிரிங்க. தனியா என்ன வேணாலும் சொல்லுங்க, நாலு பேர் முன்னாடி வேண்டாமுங்க" என்றிருக்கிறார். அந்த மனுஷன் திகைத்துப்போய், "அங்க அப்படியா? மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்றாராம். இப்போது சபையில் 'தம்பி', தனியே 'ஏல'. சி.க்யூ. இரண்டு பேருக்கும் ஏறியது.

புது இடத்தில் ஒரு வார்த்தை சுட்டால், அது யார் யாருக்கு விழுகிறது என்று முதலில் எண்ணுங்கள். பிறகு வாயைத் திறந்து சொல்லுங்கள். எண்ணாமல் சொன்னால் சண்டை. சொல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்தால் அல்சர். நிஜமாகவே மட்டம் தட்டுகிற ஆசாமி என்றால் அதுவும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அப்போது லெட்டரைத் தாராளமாகக் கொடுங்கள்.

மற்றபடி, புது ஆபீஸோ புது மாமனார் வீடோ, பைய வாங்க. பெரியவர் கையில் பை இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டமில்லை!