குவாண்டம் டாலர் விற்கும் நண்பர்களுக்கு...

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் வகுப்பில் இரண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதிவிடுகிறேன் :-)

விஷயம் இதுதான். திமிரியில் எங்கள் பெரியப்பா இருபத்தெட்டு வருடம் மேல்விஷாரம் பக்கம் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்து இழுத்து இரண்டு முட்டியும் போய்விட்டது. போன மாதம் ஆற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏதோ கூட்டம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது கழுத்தில் கறுப்பாக, வட்டமாக ஒரு டாலர். விலை 6,500 ரூபாய்!

"இது குவாண்டம் டாலராம்டா தம்பி. நீ படிக்கிறியே, அதே குவாண்டம்தானே? போட்டுகினா வலி போய்டுமாம்" என்றார். முட்டிக்குப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டார்.

ஏமாற்றுகிறவன் எங்கேயும் இருப்பான், அதற்கு நான் எழுத வேண்டியதில்லை. எனக்கு வலித்தது வேறு. அவரைக் கூட்டிக்கொண்டு போனது என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பன். "நான் பிசிக்ஸ் படிக்கிறேன், நம்பி வாங்குங்க" என்று சொல்லியிருக்கிறான். பெரியப்பா கல்லை நம்பவில்லை, அவன் படிப்பை நம்பினார். அது என் படிப்பும்தான்.

அவனிடம் கேட்டேன். மூன்று பதில் சொன்னான். மூன்றையும் இங்கே வைக்கிறேன். ஏனென்றால் இதே மூன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

1. "குவாண்டம்னா கண்ணுக்குத் தெரியாத சக்தி. உனக்குப் புரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

கண்ணுக்குத் தெரியாதா? பெரியப்பா இருபத்தெட்டு வருடம் கையில் பிடித்துக்கொண்டிருந்ததே குவாண்டம்தானே! குரோம் ஏற்றிய தோல் ஏன் நீலமாக இருக்கிறது? அதனால்தானே 'வெட் ப்ளூ' என்று பெயர்? குரோமியம் அயனியில் மிச்சமிருக்கும் 3 எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அளவு ஆற்றலைத்தான் வாங்கும், கூடவும் வாங்காது குறையவும் வாங்காது. மஞ்சள் பக்கத்து ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டு நீலப்பச்சையை விட்டுவிடுகிறது. இதைத்தான் 1900-ல் மேக்ஸ் பிளாங்க் ஆரம்பித்து வைத்தார்.

அதே குரோமியம் 3 எலக்ட்ரான் இழந்த நிலையில் தோலைப் பதப்படுத்தும். 6 இழந்த நிலையில் புற்றுநோய் தரும் நஞ்சு. இராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை லட்சம் டன் கணக்கில் விட்டுப்போன கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று எலக்ட்ரான் வித்தியாசம், ஒரு ஊர் கிணறே போச்சு. இதுதான் குவாண்டம். கணக்கு போட்டால் விடை வரும், சோதனைச்சாலையில் வைத்தால் அதே விடை வரும். உன் டாலர் எந்த எலக்ட்ரானை என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிக் காட்டு, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

2. "ஐன்ஸ்டைன் தியரிக்கும் குவாண்டத்துக்குமே ஒத்துப்போகலை. சயின்டிஸ்டுங்களே முடிவு பண்ணாத விஷயத்துல நீ எப்படித் தப்புன்னு சொல்ற?"

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பதில். பாதி உண்மை என்பதால்.

ஆமாம், பொதுச்சார்பியலும் குவாண்டமும் ஓரிடத்தில் மோதுகின்றன. எங்கே? கருந்துளையின் நடுவில். பிரபஞ்சம் தொடங்கிய முதல் கணத்தில். பெரியப்பாவின் முட்டியில் இல்லை!

மற்ற இடங்களில் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஜி.பி.எஸ் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அணுக் கடிகாரம், அது குவாண்டம். மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு 45 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதுவே விரைந்து சுற்றுவதால் 7 மைக்ரோ நொடி பின்தங்கும். மிச்சம் 38. இரண்டுமே ஐன்ஸ்டைன் கணக்கு. ஒரு மைக்ரோ நொடியில் ஒளி 300 மீட்டர் போகும். பெருக்கிப் பாருங்கள், 11 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் ஏறத்தாழ திமிரிக்கும் ஆற்காட்டுக்கும் உள்ள தூரம் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். நாளைக்கே யாராவது குவாண்டத்தையும் ஈர்ப்பையும் ஒன்றாக்கி நோபல் வாங்கினாலும் அந்த 38 மாறாது.

டாலரோடு போட்டிருக்கிற தங்கச் சங்கிலியும் அப்படித்தான். தங்க அணுவின் உட்புற எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகின்றன. அதன் விளைவு வெளிப்புற எலக்ட்ரான்கள் வரை போய், தங்கம் நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரிகிறது. சார்பியல் இல்லையென்றால் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும். நம் அம்மாக்கள் கழுத்தில் இரண்டு தியரியும் சண்டை போடாமல் கிடக்கின்றன. நீ அதற்குப் பக்கத்தில் ஒரு கருங்கல்லைத் தொங்கவிட்டு அதற்கு குவாண்டம் என்று பெயர் வைக்கிறாய்.

3. "சந்திரசேகரைக் கூடத்தான் அப்போ சிரிச்சாங்க!"

இதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது சந்திரசேகருக்கு 19 வயது. நம் வயசுதான். வெள்ளைக் குள்ளன் விண்மீன் தன் எடையில் நொறுங்காமல் இருப்பது குவாண்டம் விதியால் வரும் அழுத்தத்தால் என்று ஃபவுலர் 1926-ல் காட்டியிருந்தார். சந்திரசேகர் அந்தக் கணக்கில் சார்பியலைச் சேர்த்தார். ஒரு எல்லைக்கு மேல் அந்த அழுத்தம் தாங்காது என்று விடை வந்தது. அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. குவாண்டம், சார்பியல், ஈர்ப்பு மூன்றும் ஒரே கணக்கில்!

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். சாதாரண ஆளா? 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டைனை நிரூபித்தவர். சபையே சிரித்தது. சந்திரசேகர் என்ன செய்தார்? மண்டபம் பிடித்து விற்கவில்லை. கணக்கை வரிவரியாக வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று விட்டார். 1939-ல் புத்தகமாகப் போட்டுவிட்டு அடுத்த ஆராய்ச்சிக்குப் போனார். நோபல் 1983-ல் வந்தது.

இந்தப் பக்கம் பாருங்கள். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தப்பு என்றார். ஈர்ப்பலைகளுக்குப் பிரதமர் பெயரை வைக்கப்போவதாகவும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கருத்துகளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று மாநாட்டு அமைப்பாளர்களே சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஐன்ஸ்டைனை எதிர்ப்பது தப்பே இல்லை. 2015-ல் ஈர்ப்பலையைப் பிடித்தவர்கள் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் புரோட்டான் அகலத்தைவிடச் சின்ன அசைவை அளந்தார்கள். எதிர்க்கிறவரும் அந்த அளவுக்கு எதையாவது அளந்து காட்டட்டும் என்கிறேன்.

சிரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சந்திரசேகர் இல்லை நண்பா. சிரிப்புக்குரிய விஷயத்துக்கும் ஜனங்கள் சிரிப்பார்கள்.

சரி, "போட்டுட்டுப் போகட்டும், கெடுதல் ஒன்னும் இல்லையே" என்று சிலர் சொல்வீர்கள். கெடுதல் இருக்கலாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு, கதிர்வீச்சு வெளிவிடும் 10 பொருட்களைப் பட்டியல் போட்டு, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. அதில் ஒரு குவாண்டம் டாலரும் இருந்தது. இந்த மாதிரி டாலர்கள் சிலவற்றில் தோரியம் இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தோரியம் என்றால் நம் மணவாளக்குறிச்சி கடல் மணலில் இருக்கிறதே, அதேதான். எல்லா டாலரிலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா டாலரில் இருக்கிறதா? விற்றவனுக்குத் தெரியுமா? கேட்டேன், தெரியாது என்றான். தெரியாத ஒன்றை ஒரு வயசானவர் நெஞ்சில் ராத்திரி பகல் தொங்கவிட்டிருக்கிறான்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டாலரையே பார்த்தார். "அங்க குரோமியம், இங்க இதுவா?" என்று கழற்றி ஜன்னல் மேல் வைத்தார். 6,500 ரூபாய் போனது போனதுதான். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நண்பா, உனக்குக் காசு தேவை என்று தெரியும். உன் வீட்டு நிலைமையும் தெரியும். டியூஷன் எடு, நானும் வருகிறேன், ஆள் பிடித்துத் தருகிறேன். ஆனால் "நான் பிசிக்ஸ் படிக்கிறேன்" என்ற வார்த்தையை மட்டும் அந்த மண்டபத்தில் இனிமேல் சொல்லாதே.

பி.கு: யார் வீட்டிலாவது இந்த டாலர் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நம் லேபில் கைகர் கவுண்ட்டர் இருக்கிறது. சாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்தால் எல்லா டாலரையும் அளந்துவிட்டு ரீடிங்கை அப்படியே எழுதுகிறேன். பூஜ்யம் வந்தாலும் எழுதுவேன்.