நல்லதண்ணியின் பெயர்

இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் நுவரெலியாவை அடுத்த பிதுருதலாகலை; உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாதமலையோ 2,243 மீற்றரே. ஆயினும் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை நான்கு சமயத்தாரும் நாடி ஏறுவது இதனையே.

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியே சென்றால் அடிவாரத்து ஊர் நல்லதண்ணி. அங்கிருந்து நடக்கத் தொடங்கும் நாம், தேயிலைச் செடிகளைப் பின்னே விட்டுக் காட்டினுள் நுழைகிறோம். பின்னர் ஆயிரக்கணக்கான படிகள். விரைந்து ஏறுவோர் இடைவழியில் களைத்து அமர்வர். நிதானமாய் ஏறுவோர் உதயத்துக்குமுன் உச்சியை அடைவர். கதிரவன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாய் விழும் காட்சி, ஏறிய களைப்பை மறக்கச் செய்யும்.

இக்காடுகளில் ஊறும் நீர் களனி கங்கையிற் கலக்கின்றது. கொழும்பு மாநகர் அருந்துவதும் அந்நீரையே. ஆகவே, கொண்டுசென்ற பொலித்தீன் பையைத் திரும்பக் கொண்டுவருவதும் யாத்திரையின் ஓர் அங்கமே. நல்லதண்ணி என்று முன்னோர் இட்ட பெயரை நாம் பொய்யாக்கலாமா?