மலையேரியில் பாசி, சமவெளியில் உரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் லாக் வேல் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ‘தி லாக்’, ‘ஸ்கை பாண்ட்’ என்று இரண்டு ஏரிகள். பக்கத்தில் வயல் இல்லை, ஆலை இல்லை, சாக்கடை இல்லை. பனி உருகி வரும் தண்ணீர்தான். அப்படிப்பட்ட ஏரிகளில் பச்சைப் பாசி பெருகிவருகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அங்கே பாசியை எண்ணிக்கொண்டிருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சூழலியலாளர் ஜில் பேரன் 1980களில் அங்கே தொடங்கிய ஆய்வு பல பத்தாண்டுகள் நீடித்தது. பாசிக் கணக்கெடுப்பில் பகட்டு எதுவும் கிடையாது. மிக நுண்ணிய வலையைத் தண்ணீரில் இழுக்க வேண்டும், கரையோரப் பாறைகளைச் சுரண்ட வேண்டும். அயோடின் கரைசல் சில துளி விட்டால் செல்கள் கெடாமல் அடியில் படியும். பிறகு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவதுதான்.

எண்ணுகிறவர்களுக்கு வெகுமதி அந்த உருவங்களே. டெஸ்மிட் என்ற பச்சைப் பாசி பெரும்பாலும் ஒரே செல்தான். ஆனால் நடுவில் ஒடுங்கி, இரு பாதிகளும் அச்சில் வார்த்ததுபோல ஒத்திருக்கும். பெருகும்போது அந்த இடுக்கில் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஆகவே எந்த டெஸ்மிட்டை எடுத்தாலும் ஒரு பாதி மூத்தது, இன்னொன்று இளையது. இவற்றில் பெரும்பாலானவை சத்துக் குறைந்த மென்னீரை விரும்புபவை. உரச்சத்து ஏறினால் ஏரியின் பாசிப் பட்டியலே மாறிவிடும்.

அப்படி மாறியதா என்று பார்க்க, ஆய்வாளர்கள் ஏரியடி வண்டலைத் தோண்டி, அதில் தங்கிய பாசி நிறமிகளை அளந்தார்கள். 1950க்குப் பிறகு பச்சைப் பாசிகளின் தடயம் கூடிக்கொண்டே வந்திருந்தது. வெப்பம் கூடியது ஒரு காரணம். மற்றொன்று, கிழக்குச் சமவெளியின் உரமிட்ட வயல்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் எழும் அமோனியா, வாகனப் புகை. கீழ்க்காற்று அவற்றை மலைக்கு ஏற்றிவிட, மழையோடும் பனியோடும் நைட்ரஜன் ஏரியில் விழுகிறது.

எவ்வளவு விழுந்தால் ஆபத்து? அதையும் பாசிதான் சொன்னது, இம்முறை சிலிக்கா ஓடுள்ள டயட்டங்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.5 கிலோ நைட்ரஜன் விழத் தொடங்கிய காலத்தில்தான் வண்டலில் அவற்றின் இனக்கலவை மாறியிருந்தது. 2007இல் அரசு அமைப்புகள் போட்ட திட்டம், 2032க்குள் அந்த அளவுக்கு இறங்குவதை இலக்காக வைத்தது. அப்போது விழுந்துகொண்டிருந்தது ஏறக்குறைய இரு மடங்கு.

மூன்றாண்டுத் திட்டம், ஓர் அறிக்கை, பிறகு கதவடைப்பு என்ற ஆய்வு நிதி வழக்கத்தில் 1.5 கிலோ என்ற இந்த எண் கிடைத்திருக்காது. அழகான இனப்பட்டியல் ஒன்று மிஞ்சியிருக்கும். மழைமானி இந்த ஆண்டு என்ன கண்டுபிடித்தது என்று எவரும் கேட்பதில்லை. பாசி எண்ணுகிறவரிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

எண் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் லாக் வேல் காட்டுகிறது. 2012க்கு வைத்த 2.7 கிலோ இடைக்கால இலக்கு எட்டப்படவில்லை. 2014 முதல் கீழ்க்காற்று வீசப்போகும் நாட்களில் விவசாயிகளுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் முன்னெச்சரிக்கை போகிறது: உரமிடுவதை, சாணம் அள்ளுவதைத் தள்ளிப்போடுங்கள் என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம். அவ்வளவு தளர்ந்த பிடியை நம்பி 2032க்குக் காத்திருப்பது அரசுக்குத்தான் வசதி, ஏரிக்கு அல்ல.