எந்தக் கணக்கில் நாம்?

பொதுச் சுகாதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவது சாக்கடை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போகும் பஞ்சாயத்து ஊழியர்தான். அதை இரண்டாண்டு முதுகலைப் படிப்பாக வைத்து, எம்.பி.எச். என்று பட்டமும் கொடுக்கிறார்கள் என்பது தொழிலாளர் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-லேயே இதைத் தொடங்கிவிட்டது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் உண்டு. டாக்டருக்குப் படித்தவர்தான் சேர வேண்டும் என்பதில்லை. நர்ஸிங், சமூகப்பணி, புள்ளியியல் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எங்கே படித்தாலும் அடிப்படைப் பாடங்கள் ஐந்து. நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று தேடும் நோய்ப்பரவலியல். அதை எண்ணிக் காட்டும் புள்ளியியல். சுற்றுப்புறமும் தொழிலிடமும் உடம்பை என்ன செய்கின்றன என்னும் பாடம். சமூகமும் மனிதர் நடத்தையும். கடைசியாகச் சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும். இவை நமக்கு எட்டாத படிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே நாம் சொல்ல வந்தது. ஆனைகட்டிச் சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் ஐந்து பாடமும் கண்முன்னே நடந்து போகும்.

முதல் பாடத்துக்கு எல்லா வகுப்பிலும் சொல்லும் கதை லண்டனில் நடந்தது. 1854-ல் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய்க் கேட்டார்: செத்தவர் எந்தக் குழாயில் தண்ணீர் குடித்தார்? பதில்கள் பிராட் தெருவின் கைப்பம்பைக் காட்டின. பக்கத்திலிருந்த பீர் ஆலைத் தொழிலாளிகள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அவர்களுக்கு நோயும் வரவில்லை. பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலராக் கிருமியே காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கேட்டுக் கேட்டு எழுதியதால் கண்ட உண்மை அது. இப்படிக் கேட்பதற்கு நம் வீட்டுக்கு யாராவது வந்ததுண்டா?

இடுக்கியைப் பாருங்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்கள், மாலையில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏலக்காய்க்கு அடிக்கும் பூச்சிமருந்து கேரளத்தில். தலைச்சுற்றலும் வாந்தியும் தேனி மாவட்டத்து ஆஸ்பத்திரியில். மருந்துச் சீட்டில் தலைவலி என்று எழுதுவார்கள், என்ன வேலை, எந்தத் தோட்டம் என்று எழுதமாட்டார்கள். நோய் ஒரு மாநிலத்தில், காரணம் இன்னொரு மாநிலத்தில் கிடந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்? தோட்டக்காரருக்கு இது வசதிதான்.

இரண்டாவது பாடமான புள்ளியியலைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். அது வெறும் வகுத்தல் கணக்கு: மேலே இறந்தவர் எண்ணிக்கை, கீழே வாழ்ந்தவர் எண்ணிக்கை. கீழே யார் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 2013-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 12. இந்தியா முழுவதற்கும் 40. கேரளம் பெருமைப்பட்டது, பட வேண்டியதும்தான். அதே 2013-ல் அட்டப்பாடியில் பழங்குடிப் பச்சைக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாருக்கு ரத்தசோகை, எடை குறைந்த பிரசவம், ஊட்டக்குறைவு என்று காரணம் சொன்னார்கள். சராசரி என்ற போர்வை எவ்வளவு பெரிதோ அவ்வளவையும் மூடும்.

பிறகு சமூகச் சமையற்கூடங்கள் திறந்தார்கள், கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்கு வசதிகள் செய்தார்கள். நல்லதுதான். ஆனால் ராகியும் சாமையும் விளைந்த நிலம் எங்கே போயிற்று? அது நான்காவது பாடம், சமூகம். 1951-ல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-ல் பாதிக்கும் குறைவு. மேற்கிலிருந்து வந்த மலையாளிகள் மட்டுமா நிலம் பிடித்தார்கள்? கிழக்கிலிருந்து போன தமிழர்களும்தான். இதைச் சொல்ல நம்மவர் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இருளர் குழந்தையின் எடையைப் பற்றிப் பேசாமல் நம் குழந்தையின் எடையைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஏது?

நம் கதைக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்போ இறப்போ எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். அட்டப்பாடிப் பக்கம் கூலி வேலை செய்யும் நம் பெண் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள். குழந்தை பிறந்தால் கோவையில் பதிவு. இறந்தாலும் அங்கேதான். அவள் குடியிருக்கும் ஊரின் பதிவேட்டில் எழுத்தே விழாது. பார்சல் ஆபீஸில் ஒரு மூட்டை குறைந்தால் அனுப்பிய ஸ்டேஷனும் சேர வேண்டிய ஸ்டேஷனும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதித் துளைத்துவிடும். மூட்டைக்கு உரியவர் இழப்பீடு கேட்பார் அல்லவா? குழந்தை விஷயத்தில் அப்படிக் கடிதம் எழுதும் ஆபீஸ் எது?

சுற்றுப்புறப் பாடத்துக்கு ஆனைகட்டிச் சாலையிலேயே சான்று உண்டு. தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் ஓடிய செங்கல் சூளைகளை 2021-ல் மூட வைத்தார்கள். செம்மண் தோண்டிய குழிகளைப் பற்றியும் யானைகளின் வழித்தடம் பற்றியும் நிறையப் பேசினார்கள்; பேச வேண்டியதே. சூளைப் புகையில் ஆண்டுக்கணக்கில் கல் அறுத்தும் சுமந்தும் வந்தவர்களின் நுரையீரல் பற்றியும் அதே அளவு பேசியிருக்கலாம்.

கொள்கைப் பாடத்தில் ஒரு வேடிக்கை. இந்தியாவில் பொதுச் சுகாதாரத்துக்கென முன்னோடிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1939-ல். மலபார் அப்போது அந்த மாகாணத்தில் இருந்ததால் அட்டப்பாடிக்கும் அதுவே சட்டம். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தார்கள், சட்டத்தை விட்டுவிட்டார்கள். கேரளம் தன் புதிய பொதுச் சுகாதாரச் சட்டத்தை 2023-ல் கொண்டுவரும்வரை ஆனைகட்டியின் இரு பக்கமும் அந்த ஒரே சென்னைச் சட்டம்தான். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் ஒன்றாயிருந்தும் பதிவேடு ஒன்றாகவில்லை!

ஆகவே நாம் கேட்பது இரண்டு. எம்.பி.எச். மாணவர்கள் களப்பணி செய்து ஆய்வேடு எழுதுகிறார்கள். ஆனைகட்டி, கம்பமெட்டு, போடிமெட்டு போன்ற எல்லை ஊர்களுக்கு அவர்களை அனுப்புங்கள். எல்லையின் இரு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பிறப்பு, இறப்பு, காய்ச்சல் கணக்கை ஒத்துப் பார்க்கட்டும். நம் வீடுகளில் பட்டம் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாங்குப் பரீட்சை ஒன்றையே நம்பியிராமல் இந்தப் படிப்புக்கும் மனுப் போடட்டும்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிறந்த குழந்தை, எடை, எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊரில் பதிவு. இறந்தவர், வயது, செய்த வேலை. பெண்கள் எழுதினால்தான் சரியாக வரும், பிரசவக் கணக்கு ஆண்களிடம் நிற்காது. தேதி நினைவில்லாவிட்டால் பொங்கலுக்கு முன்னா பின்னா என்றாவது எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டின் நகலை இரு பக்கத்துச் சுகாதார நிலையங்களிலும் கொடுத்துக் கையொப்பம் வாங்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.