கூலி நாளும் குடும்பக் கணக்கும்

சிக்கனத்தைப் பற்றிப் பேசாத கூட்டுறவு மேடை இல்லை. வரவறிந்து செலவு செய்க, கடன் வாங்காதீர், சிறுகச் சிறுகச் சேமியுங்கள் என்னும் அறிவுரைகளை நம் நெசவாளர்களும் சங்கச் சிப்பந்திகளும் ஆண்டுதோறும் கேட்டு வருகிறார்கள். அறிவுரை நல்லதே. ஆயினும், அதைக் கூறுபவரே கூலி கொடுப்பவராகவும் இருப்பாராயின் அவருக்கு மற்றொரு கடமையும் உண்டு. தம்மிடம் வேலை செய்பவர் கடனின்றி வாழத் தாம் ஆவன செய்திருக்கிறோமா என்று அவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நெசவாளர் சங்கமும் கூலி கொடுக்கும் ஸ்தாபனமே. அறுவடைக்கு ஆள் அமர்த்தும் விவசாயியும் அந்நாளில் ஒரு முதலாளியே.

முதற்கடமை குறித்த நாளில் கூலி கொடுப்பது. இதைச் சிறு காரியம் என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு குடும்பத்திற்கு மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று வாரம் தாமதப்படுகிறது. அடுப்பு அத்தனை நாள் காத்திராது. ஆகவே அக்குடும்பத்தார் நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டியில் 5,000 ரூபாய் வாங்குகிறார்கள். கூலி வந்தவுடன் வட்டிக்கு மட்டும் 500 ரூபாய் போய்விடுகிறது. கூலி விகிதத்தில் ஒரு காசும் குறைக்காமலே, நூற்றுக்கு ஐந்து வீதம் கூலி குறைக்கப்பட்டுவிட்டது! கந்து வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்றது. எனினும் கூலி தாமதப்படும் தெருவில் வட்டிக்காரருக்கு வரவேற்பு குறைவதில்லை.

1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தொழிலகங்களில் அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் கூலி கொடுத்துவிட வேண்டுமென விதித்தது. வீட்டுத் தறியில் நெய்பவருக்கு ஆலைத் தொழிலாளியின் பாதுகாப்பு அத்துணை எளிதில் கிட்டுவதில்லை. ஆகையால் சங்கமே தனக்கொரு விதி செய்துகொள்வது அவசியம்.

“துணி தேங்கிக் கிடக்கிறது; தள்ளுபடி மானியம் வந்து சேரவில்லை; பணத்திற்கு எங்கே போவது?” என்று நிர்வாகிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அவர்களுடைய இடர்ப்பாட்டை நாம் அறியாதவரல்லோம். ஆனால் பணமுடை வரும்போது அதன் பாரத்தை யார் தாங்குவது என்பதே இங்குள்ள பிரச்சினை. சங்கம் மத்தியக் கூட்டுறவு வங்கியில் காசுக்கடன் பெற முடியும். அதற்கு வங்கி வட்டிதான். நெசவாளிக்கோ கிடைப்பது பத்து வட்டிக் கடன். மலிவாகக் கடன் பெற வல்லவர் சும்மா இருக்க, வலுவில்லாதவர் அதிக வட்டிக்கு வாங்குவது என்ன கூட்டுறவு? தீபாவளி விற்பனை நடக்கும் மாதங்களில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக் ‘கூலி நிதி’ ஒன்றைத் தனியே வளர்த்து வந்தால், மந்தமான மாதங்களில் அது கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறுவதும், தெருவில் பாவு விரிக்க இயலாமற் போவதும் புதிய செய்திகள் அல்ல. ஆண்டுதோறும் வருவதற்கு ஆண்டுதோறும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, முன்பணம். அவசரத்திற்கு உதவும் முன்பணம் நன்மையே. ஆளைக் கட்டிப்போட அது பயன்படும்போது விலங்காகிவிடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் ‘துண்டு’ முறையால் பட்ட துன்பத்தை மறத்தலாகாது. அவர்கள் வேறு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின், புதிய தோட்டத்தார் பழைய கடனைத் தீர்த்தாக வேண்டும். கடனும் ஆளும் சேர்ந்தே கைமாறின. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இவ்வளவுக்குப் பின்னும், கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிப்பவரோ தறிக்கு ஆள் வைப்பவரோ முன்பணத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பாராயின் அது அறமாகாது. கொடுத்த தொகை, பிடித்த தொகை, மீதி ஆகிய மூன்றும் தொழிலாளியின் கையிலுள்ள புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பு. கைக்கு வந்த பணத்தில் மிச்சம் பிடிப்பது யாருக்கும் கடினம்; கைக்கு வருமுன்னரே ஒரு பங்கு ஒதுங்கிவிட்டால் எளிது. 1952ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டம் இக்கருத்தின் மீதே எழுந்தது. தொழிலாளியின் பங்கோடு முதலாளியின் பங்கும் சேர வேண்டுமென அது வகுத்தது. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர்களுக்கெனத் தமிழக அரசு 1975இல் தொடங்கிய சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்திலும் நெசவாளியின் கூலியிற் பிடிக்கும் தொகையோடு அரசின் பங்கு சேருகிறது. இவற்றில் ஒரு நிபந்தனை உயிர்நாடியானது. பிடித்த பணம் அம்மாதமே உரிய கணக்கிற் செலுத்தப்பட வேண்டும். சங்கத்தின் அன்றாடச் செலவுக்கு அதைப் புரட்டுவது பிறர் பொருளைத் தொடுவதாகும். முதுமையில் கண் மங்கித் தறியை விட்டு இறங்குபவர், அப்பணத்தை நம்பித்தான் இறங்குகிறார்.

நான்காவது, அவசரக் கடன். பிரசவம், நோய், பள்ளிக் கட்டணம் இவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சிப்பந்திகளின் சிக்கன நாணயச் சங்கங்கள் இத்தகைய வேளைகளில் குறைந்த வட்டிக்குக் கடன் தந்து பல குடும்பங்களைக் காத்துள்ளன. ஆனால் கடன் கேட்டு வருபவரைப் பத்துப் பேர் முன்னிலையில் விசாரிப்பது தகாது. ஒருவருடைய வறுமை அலுவலகத்தின் பேச்சுப்பொருளாகிவிட்டால், அடுத்த முறை அவர் சங்கத்தின் வாசலை மிதிக்க மாட்டார்; வட்டிக்காரரின் வாசலுக்கே செல்வார்.

இவற்றைத் தர்மமாகக் கருதிச் செய்ய வேண்டுமென நாம் கோரவில்லை. கடன்காரரை எண்ணி அஞ்சும் மனம் தறியில் நிலைப்பதில்லை; இழை அறுந்தாலும் அதன் கண்ணுக்குத் தோன்றாது. அமைதியான இல்லத்திலிருந்து வருபவரின் நெசவு நேர்த்தியாயிருக்கும். நேர்த்தியான துணி விரைவில் விலை போகும். எனவே சங்கத்திற்கும் இதில் நட்டமில்லை.

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். சென்ற ஆண்டில் எத்தனை மாதங்கள் கூலி குறித்த நாளில் வழங்கப்பட்டது? பிடித்த சேமிப்புத் தொகை முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டதா? கூலிக்கென ஒதுக்கிய நிதி எவ்வளவு? லாபம் எவ்வளவு என்று கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள். இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் சங்கமே தன் அங்கத்தினருக்குச் சிக்கனத்தைப் போதிக்கும் தகுதியுடையது.