மேய்ச்சல் நிலமும் அமானிதமே

உடையவன் இல்லாத ஆடு ஒரு நிலத்தைப் பாழாக்கிவிட்டால் அதற்குப் பொறுப்பாளி யார்? அன்பு வாசகரே, மத்ரஸா மாணவர்களைச் சோதிப்பதற்காகக் கேட்கப்படும் கற்பனை வினா என்று இதனைக் கருதிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இஃது அன்றாட வழக்காகவே இருந்து வருகிறது.

அம்மாநிலத்தின் மேற்குப் புறம், மொத்தப் பரப்பில் ஐந்தில் இரு பங்குக்கும் மேற்பட்ட வறண்ட பூமி. அதன் பெரும்பகுதி அரசாங்கத்தின் உடைமை. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செம்மறி மேய்ப்போருக்குக் குத்தகையாக விடப்பட்டது. 2018இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் குத்தகை முறை நீடிக்கிறது. நமக்கும் அந்த மண் முற்றிலும் அந்நியமானதன்று. அங்குள்ள புரோக்கன் ஹில் நகரில், ஒட்டகம் ஓட்டிப் பிழைத்த முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகரத்தால் எழுப்பிய சிறு பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

1788இல் ஐரோப்பியர் குடியேற வந்த முதற் கப்பல்களிலேயே வெள்ளாடுகளும் வந்திறங்கின. பாலுக்கும் இறைச்சிக்கும் உரோமத்துக்குமாக வளர்க்கப்பட்டவை காலப்போக்கில் தப்பியும் கைவிடப்பட்டும் காடேறிவிட்டன. ஐந்து மாதச் சினை. பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். மழை பெய்த ஆண்டுகளில் மந்தை பெருகுவதைக் கேட்கவா வேண்டும்! புல் தீர்ந்தால் வெள்ளாடு பின்னங்கால்களில் எழுந்து நின்று தழையைப் பறிக்கும், இளங்கன்றைக் கடிக்கும், மரப்பட்டையையும் விடாது. போர்வை இழந்த மண் காற்றோடு பறந்துவிடுகிறது.

இனி மனிதரின் போக்கைப் பாருங்கள். விலை ஏறும் காலத்தில் குத்தகைதாரர் இந்தக் கட்டாக்காலி ஆடுகளை வளைத்துப் பிடித்து இறைச்சிக் கூடங்களுக்கு விற்கின்றனர். வெள்ளாட்டிறைச்சி ஏற்றுமதியில் ஆஸ்திரேலியா உலகிலேயே முன்னணியில் நிற்பதற்கு இந்த ஆடுகளே பெருங்காரணம். 2023இல் நேர்ந்ததைப் போல விலை சரிந்தாலோ, "அவை காட்டு மிருகங்கள், என்னுடையவை அல்ல" என்ற பேச்சு எழுகிறது. விற்கும்போது "என் ஆடு", மேயும்போது "யாருடைய ஆடோ" என்பது எந்த ஊர் நியாயம்?

வழிதவறிய ஆட்டைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வினவினார். அது கண்டெடுத்த உமக்கு ஆகலாம், உம் சகோதரருக்கு ஆகலாம், இன்றேல் ஓநாய்க்கு ஆகலாம் என்னும் கருத்துப்பட அண்ணலார் மறுமொழி அருளினார்கள். ஆடு வீணாகிவிடாமல் எவரேனும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதிலிருந்து அறிஞர்கள் பெறும் பாடம். மேற்கு நியூ சவுத் வேல்ஸிலோ மூன்றாவது பங்காளியை மனிதனே விரட்டிவிட்டான். ஆடுகளை அடித்துத் தின்னும் டிங்கோ என்னும் காட்டுநாய், செம்மறி மேயும் நாட்டினுள் புகாதவாறு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி இடப்பட்டுள்ளது. செம்மறியைக் காக்க இட்ட வேலி வெள்ளாட்டையும் காத்து நிற்கிறது. ஓநாய் இல்லாத இடத்தில் எஞ்சுவோர் நீரும் உம் சகோதரரும்தாம். அதாவது குத்தகைதாரரும் அண்டை நிலத்தாரும். இருவரும் ஒருசேர முகந்திருப்பிக்கொள்ள இடமில்லை.

இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் வயலில் புகுந்து மேய்ந்த வழக்கைத் திருமறையின் அன்பியா அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஆடுகளையே வயற்காரருக்குக் கொடுத்துவிடுமாறு தாவூது (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்றும், ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழி கூறினார்கள் என்றும் விரிவுரையாளர்கள் விளக்குவர். ஆட்டுக்காரர் அந்த வயலைப் பழைய நிலைக்குக் கொணரும்வரை உழைக்க வேண்டும். அதுவரை ஆடுகளின் பாலும் உரோமமும் வயற்காரருக்கு. பிறகு அவரவர் உடைமை அவரவரிடம். நட்டஈட்டோடு வழக்கு முடிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் மீண்டும் பசுமை பெற்றால்தான் தீர்ப்பு நிறைவேறுகிறது. ஆட்டை விற்ற பணத்தில் ஒரு பகுதியை வேலிக்கும், ஓய்ந்து கிடக்க வேண்டிய நிலத்துக்கும் செலவிடும்படி குத்தகை விதிகளிலேயே எழுதினால் என்ன? அரசாங்கத்தார் எண்ணிப் பார்க்கலாம்.

குத்தகைதாரர் மீது மட்டும் பழி சுமத்துவது என் நோக்கமன்று. 2017 முதல் 2019 வரை நிலவிய கொடும் வறட்சியில், செம்மறியைக் குறைத்துவிட்டு இவ்வாடுகளை விற்றே குடும்பம் காத்தோர் உண்டு. அது ஆகுமான பிழைப்பே. ஆனால் குத்தகை நிலம் அமானிதம். வரம்பு மீறினாலும் அலட்சியம் காட்டினாலும் குத்தகைதாரர் ஈடு செய்தாக வேண்டும் என்பது பிக்ஹு நூல்களின் தீர்ப்பு.

மற்றொரு வழக்கமும் அங்கே உண்டு. நீர்த்தொட்டியைச் சுற்றி வேலியிட்டு, உள்ளே வந்த ஆடு வெளியேற முடியாதவாறு பொறி அமைக்கின்றனர். எடை நிறைந்தவற்றை லாரியில் ஏற்றிவிட்டு, எடை குறைந்தவற்றை அடுத்த பருவத்துக்கு வளரட்டும் என்று சிலர் திறந்து விடுகின்றனர். உடையவனற்ற பிராணியைக் கைப்பற்றியவன் அதற்கு உடையவனாகிறான். பிறகு அவனே அவிழ்த்து விட்டாலும் உரிமை நீங்காது என்பதே ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. வேட்டைப் பிராணியைக் குறித்துச் சொல்லப்பட்ட சட்டமாயினும், அது இங்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவ்வாறாயின், திறந்து விடப்பட்ட அந்த ஆடு அன்று இரவே அண்டை நிலத்தில் புகுந்து மேய்ந்தால், வழக்கு பொறி வைத்தவர் வாசலுக்கே வரும்.